ஆனையிறவுக்கு இருபுறமும்: வீட்டிலிருந்து பார்க்க ஏழு படங்கள்

கடந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து வந்திருந்த என் மருமகன், வரும் வழியில் ஆனையிறவில் இறங்கி எடுத்த ஒளிப்படமொன்றை எனக்குக் காட்டினான். கண்டி வீதியோரத்தில் நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்டுள்ள பழைய கவச புல்டோசரின் முன்னால் அவன் புன்னகையுடன் நின்றான். "இது என்ன வாகனம் மாமா?" என்று கேட்டான். அதன் வரலாற்றைச் சொன்னேன். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புத்தகம் வாசிக்கிற அளவுக்கு எனக்குத் தமிழ் வராது. வீட்டிலேயிருந்து பார்க்கக்கூடிய படங்கள் நாலைஞ்சு சொல்லுங்கோ" என்றான்.

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளை அண்மித்துக் கொண்டிருப்பவன் நான். அதைவிட நீண்ட காலமாகச் சினிமாப் பைத்தியம். ஆயினும் அவனுக்கு உடனடியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவன் பத்து நிமிடங்களில் கடந்துவந்த அந்த உப்புவெளியை உள்ளபடி காட்டும் படம் எது என்று யோசித்தபோது, பட்டியலைவிட நினைவுகளே முதலில் வந்தன. இக்கட்டுரை அவனுக்கான பதில். அவனைப் போன்று புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த ஏனைய பிள்ளைகளுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியே ஆனையிறவு. நிர்வாக ரீதியில் அது கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. இருபுறமும் ஆழமற்ற கடனீரேரி. ஒல்லாந்தர் காலத்தில் ஏற்றுமதிக்கான யானைகள் வன்னிக் காடுகளிலிருந்து இவ்வழியாகவே குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவை நீரில் இறங்கிக் கடந்த துறை என்பதனால் இப்பெயர் வந்ததென்பர். சிங்களத்தில் இதனை 'அலிமங்கட' என்பர். பொருள் ஏறத்தாழ ஒன்றே. ஒல்லாந்தர் இங்கு சிறு கோட்டை கட்டிக் காவல் வைத்தனர். பின்னாளில் இலங்கையின் முக்கிய உப்பளங்களுள் ஒன்று இங்கு உருவானது. 1956 இல் சேவையைத் தொடங்கிய யாழ்தேவி புகையிரதம் இவ்வழியாகவே ஓடியது. என் சிறுவயதில் ஆனையிறவு என்றால் யன்னலோரத்தில் வந்து மோதும் உப்புக்காற்றுத்தான். இராணுவமுகாம் என்ற நினைவு எமக்கு அப்போது வராது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் அக்காட்சி மாறிற்று. புகையிரதம் நின்றது, பாதை மூடப்பட்டது, குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லாமற் போனது. எரிபொருள், மின்கலம், சீமெந்து முதலான பொருட்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனையிறவு இராணுவத்தின் கையில் இருந்தமையால் தெற்கே செல்லவேண்டியவர்கள் கொம்படி – ஊரியான் பாதையில் சேற்றையும் உப்புநீரையும் கடந்து நடந்தார்கள். அதன்பின் உயிரைப் பணயம் வைத்துக் கிளாலிக் கடலில் படகேறினார்கள்.

புலம்பெயர்ந்த தமிழர் இன்று 'வீட்டிலிருந்து படம் பார்த்தல்' என்று சொல்லும் வழக்கம், குடாநாட்டில் எமக்கு இக்காலத்திலேயே ஒரு திருவிழாவாக இருந்தது. ஊரில் யாராவது ஒருவர் தொலைக்காட்சியையும் 'டெக்'கையும் ஓரிரவு வாடகைக்கு எடுப்பார். அயலவர் காசு சேர்த்துக் கொடுப்பர். சிறிய ஜெனரேற்றரைச் சிறிதளவு பெற்றோலில் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று நான்கு படங்கள் பார்ப்போம். இரண்டாவது படத்தின் இடையில் சிறுவர்கள் உறங்கிவிடுவர். பெரியவர்கள் பனங்கட்டியுடன் தேநீர் குடித்துக்கொண்டு மூன்றாவதற்குக் காத்திருப்பர். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ரஜினியும் ஒரே இரவில் வந்துபோவார்கள். மின்சாரமில்லாத ஊரில் அந்தச் சிறு திரையின் ஒளி எவ்வளவு தூரத்துக்குத் தெரியுமென்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

1991 இன் முற்பகுதியில் கொடிகாமத்தில் உறவினர் வீடொன்றில் அப்படியோர் இரவு கழிந்தது. என்னுடன் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்த நண்பன் ஒருவனும் வந்திருந்தான். பெயரை எழுத அவனுடைய குடும்பத்தார் விரும்பமாட்டார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கையில் கிழக்கே, ஆனையிறவுப் பக்கத்திலிருந்து இடைக்கிடை எறிகணை ஓசை கேட்டது. படத்திலும் சண்டைக்காட்சி. "எது படச்சத்தம், எது வெளிச்சத்தமெண்டு பிரிக்கேலாமல் கிடக்குது" என்று அவன் சொல்லிச் சிரித்தான். சில வாரங்களின் பின் விரிவுரைக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அவ்வாண்டு ஜூலை 10 ஆம் திகதி விடுதலைப் புலிகள் ஆனையிறவு முகாமின்மீது பெருந்தாக்குதலைத் தொடங்கினர். கடல்வழியாக வெற்றிலைக்கேணியில் தரையிறங்கிய படையினர் முற்றுகையை உடைக்கும் வரையில், ஏறத்தாழ ஒரு மாதம் சண்டை நீடித்தது. இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். என் மருமகன் படமெடுத்துக்கொண்ட அந்தப் புல்டோசர், புலிகள் கவசமிட்டு முகாமை நோக்கி ஓட்டிச்சென்றது. ஜூலை 14 ஆம் திகதி காமினி குலரத்ன என்ற படைவீரர் கைக்குண்டுகளுடன் அதன்மீதேறி அதனை நிறுத்தித் தாமும் உயிரிழந்தார். இலங்கை இராணுவத்தின் அதியுயர் விருதான பரம வீர விபூஷணய முதன்முதலில் அவருக்கே வழங்கப்பட்டது. அந்தத் தாயின் இழப்பை நான் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்த இரும்புக்கூட்டுக்குள் இருந்தவர்களுக்கும் தாய்மார் இருந்தனர்.

என் நண்பனும் அந்த ஒரு மாதத்துக்குள்தான் இறந்தான். பெட்டி மூடியபடியே வீட்டுக்கு வந்தது, மூடியபடியே போனது. அவனுடைய தாயார் பெட்டியின்மீது காதை வைத்துப் படுத்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. பின்னர், புலிகளின் 'நிதர்சனம்' பிரிவினர் போர்க்களங்களில் பிடித்த காட்சிகள் ஒளிநாடாக்களாக ஊர்களில் காட்டப்பட்டபோது, அதே வகை டெக்கில், அதே வகை ஜெனரேற்றரின் இரைச்சலுக்கு நடுவே, நான் அவன் முகத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. தெற்கே ரூபவாஹினியில் வேறு காட்சிகள் ஓடின. அங்கேயும் யாரோ ஒருவர் யாரோ ஒரு முகத்தைத் தேடியிருப்பார்.

2000 ஏப்ரல் 22 இல் ஆனையிறவு புலிகளிடம் வீழ்ந்தது. 2009 ஜனவரியில் இராணுவம் அதனை மீளக் கைப்பற்றியது. ஒவ்வொரு தடவையும் வென்றவரின் கமராவே அங்கு முதலில் போயிற்று. ஆதலால் அவ்விடத்தின் வரலாற்றை அறிய விரும்புபவருக்கு வெற்றிக் காட்சிகளைப் பரிந்துரைக்க நான் தயாரில்லை. மூடிய பெட்டியின் முன்னால் நின்றவர்களைப் பார்க்க வைக்கும் படங்களையே சொல்வேன். அத்தகைய ஏழு படங்களைக் கீழே தருகிறேன்.

முதலாவது 'பொன்மணி' (1977). தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள நெறியாளர் யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழில் எடுத்த படம். காவலூர் இராசதுரை இதன் எழுத்தில் பங்குகொண்டவர். போர் தொடங்குமுன்னரான யாழ்ப்பாணத்தின் சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்துப் பெண்களை எவ்வாறு நெரித்தன என்பதே கதை. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துப் போன எம்மவர் அன்று இதனை ஆதரிக்கவில்லை. இன்று பார்த்தால், எம்முடைய ஊரை எம்மைவிட நிதானமாகப் பார்த்த ஒருவரின் கண் தெரிகிறது. ஆனையிறவைக் கடந்து வடக்கே ஒரு சிங்களக் கலைஞர் சாதாரணமாக வந்துபோன காலம் ஒன்று இருந்தது என்பதற்கும் இப்படமே சாட்சி. பத்திராஜ 2018 இல் காலமானார்.

இரண்டாவதும் மூன்றாவதும் சோடியாகப் பார்க்கவேண்டியவை. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002), சென்னையில் வளரும் தத்துப்பிள்ளை ஒருத்தி தன்னைப் பெற்றவளைத் தேடி மாங்குளத்துப் பக்கம் வரும் கதை. ஜோன் மகேந்திரன் இயக்கிய 'ஆணிவேர்' (2006), நந்தாவும் மதுமிதாவும் நடிக்க வன்னி மண்ணிலேயே எடுக்கப்பட்டது. முன்னையதில் வரும் வன்னி, இந்திய நிலப்பரப்பில் உருவாக்கப்பட்ட வன்னி. எம்மவர் பேச்சும் அதில் அங்குமிங்கும் இடறும். ஆயினும் குழந்தையின் கேள்விகள் உண்மையானவை. பின்னையது போராட்டத்தரப்பின் பார்வைக்குள் நின்று எடுக்கப்பட்டது. அந்த நோக்கம் வெளிப்படையாகவே தெரியும். ஆனால் அதிலுள்ள பனைகளும் வீதிகளும் நிசமானவை. சமாதான காலத்து வன்னியைத் திரையில் காண விரும்புவோருக்கு அது ஓர் ஆவணமுங்கூட. ஒன்றின் குறையை மற்றது காட்டித்தரும். அதனாலேயே இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

நான்காவது, இப்பட்டியலில் ஒன்றை மட்டுமே தெரிவுசெய்யச் சொன்னால் நான் எடுக்கக்கூடிய படம்: பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997). பௌர்ணமி நாளின் இருள் என்று தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். வறண்ட சிங்களக் கிராமமொன்றில் கண்பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி. இராணுவத்திலிருந்த அவருடைய மகனின் உடல் எனச் சொல்லி முத்திரையிட்ட பெட்டியொன்று வருகிறது. நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிட்டால் குடும்பத்தின் கடன் தீரும். முதியவர் ஒப்பமிட மறுக்கிறார். மகன் இறந்துவிட்டான் என்பதை அவர் ஏற்கவில்லை. அம்முதியவராக நடித்தவர் ஜோ அபேவிக்கிரம. பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை எழுதி, பார்க்கப்போகும் உங்கள் அனுபவத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

இப்படத்துக்கும் ஆனையிறவுக்கும் நேரடித் தொடர்பொன்று உண்டு. ஆனையிறவு வீழ்ந்த சில வாரங்களில் நாட்டில் கடுமையான அவசரகால விதிகளும் செய்தித் தணிக்கையும் வந்தன. அதே ஆண்டின் நடுப்பகுதியில், வடக்கின் போர்நிலைமையைக் காரணங்காட்டி, திரையிடத் தயாராயிருந்த இப்படத்தை அரசு தடுத்துநிறுத்தியது. விதானகே உயர் நீதிமன்றம் சென்றார். 2001 இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது; படமும் திரைக்கு வந்தது. ஆனையிறவின் வீழ்ச்சியை நேரடியாகக் காட்டும் எந்தக் காட்சியும் இதில் கிடையாது. அவ்வாறிருந்தும், அத்தோல்வியின் நிழலில் அரசாங்கமொன்று அஞ்சிய படம் இதுவே. பின்னாளில் கொழும்பில் ஒரு வாடகை அறையில், கணினித் திரையில் நான் இதனை முதன்முறை பார்த்தேன். வன்னிஹாமி பெட்டியைக் கைகளால் தடவும்போது கொடிகாமத்துத் தாயார் என் கண்முன் வந்தார். மொழி மாறியிருந்தது, கைகள் மாறவில்லை.

ஐந்தாவது, அதே நெறியாளரின் 'இர மதியம' (2003). மூன்று கதைகள் இணையாக ஓடுகின்றன. காணாமற்போன விமானியைத் தேடும் மனைவி, தங்கையை எதிர்பாராத இடத்தில் சந்திக்கும் படைவீரன், மன்னாரிலிருந்து வெளியேற்றப்படும் முஸ்லிம் குடும்பத்துச் சிறுவன். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதைப் பற்றி எம்மவர் வீடுகளில் பேசுவது குறைவு. அச்சிறுவன் தன் நாயைவிட்டுப் பிரிய மறுப்பதைக் கண்டபின்னராவது நாம் பேசவேண்டும் என்பது என் எண்ணம்.

ஆறாவது, ஆனையிறவின் பெயரையே தாங்கிய 'அலிமங்கட'. நிஹால் டி சில்வா ஆங்கிலத்தில் எழுதி, 2003 ஆம் ஆண்டுக்கான கிறேசியன் பரிசைப் பெற்ற நாவலை, சந்திரன் ரத்னம் போரின் இறுதிக் காலத்தையொட்டிப் படமாக்கினார். இராணுவ அதிகாரி ஒருவனும், புலிகளிடமிருந்து தகவலுடன் வந்த தமிழ்ப் பெண்ணொருத்தியும் சண்டைக்குள் அகப்பட்டு, ஆனையிறவுப் பகுதியிலிருந்து வில்பத்துக் காடு வழியாகக் கொழும்பை நோக்கிக் கால்நடையாகப் போகிறார்கள். ஆஷான் டயசும் சுரங்கா ரணவக்கவும் நடித்தனர். பகைவர் இருவர் காட்டுக்குள் காதலராகும் முடிச்சு எனக்கு முழுதாக ஒட்டவில்லை. ஆனால் இருவரும் வாதிடும் இடங்களில், ஒருவரது வரலாற்றை மற்றவர் முதன்முறையாகக் கேட்கும் தடுமாற்றம் நம்பும்படி இருக்கிறது. நாவலாசிரியருக்கு நேர்ந்த முடிவையும் இங்கு சொல்லியாகவேண்டும். தன் பாத்திரங்களைப் பத்திரமாகக் கடத்திவிட்ட அதே வில்பத்துக் காட்டில், 2006 மே மாதம், நிலக்கண்ணிவெடியில் சிக்கி நிஹால் டி சில்வா உயிரிழந்தார்.

ஏழாவது, அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012). போர் முடிந்து ஊர் திரும்பும் முன்னாள் போராளியின் கதை. தமிழிலேயே எடுக்கப்பட்டது. தர்ஷன் தர்மராஜ் அதில் 'அவன்'. படத்தில் அவனுக்குப் பெயரில்லை. ஒரு காலத்தில் அவனைப் பார்த்துக் கையசைத்த ஊர், இப்போது எதுவும் நடவாததுபோல் கதவைச் சாத்துகிறது. எம்மைச் சங்கடப்படுத்தும் படம், அதற்காகவே பார்க்கவேண்டும். தர்ஷன் 2022 இல் இளவயதிலேயே காலமானது இலங்கைத் திரையுலகுக்குப் பேரிழப்பு.

எவ்வாறு பார்ப்பது என்பதற்கும் ஒரு யோசனை. ஒரே மூச்சில் பார்த்துவிடாதீர்கள். வாரம் ஒன்று போதும். சிங்களப் படங்களைத் துணையெழுத்துகளுடன் பாருங்கள். 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கலாம். 'இர மதியம', 'இனி அவன்' இரண்டும் வளர்ந்தவர்களுக்கு. முக்கியமாக, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள்.

ஏனெனில் இவ்வேழு படங்களையும் பார்த்து முடித்த பின்னரும், ஆனையிறவின் பெரும்பகுதி எந்தப் படத்திலும் இல்லை என்பது தெரியவரும். ஆனையிறவு உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரியவர்களின் கதையை முழுநீளப் படமாக நான் கண்டதில்லை. கொம்படிச் சேற்றில் தாயைத் தோளில் சுமந்து நடந்தவனின் கதையையும் கண்டதில்லை. இருந்தவற்றையும் இழந்தோம். 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது, சிங்களப் படங்களின் மூலச்சுருள்கள் உட்பட ஏராளமானவை சாம்பலாயின. எமது டெக் காலத்து ஒளிநாடாக்களோ இடப்பெயர்வுகளில் பதுங்குகுழிகளிலும் வீதியோரங்களிலும் கைவிடப்பட்டுப் பூஞ்சணம் பிடித்து அழிந்தன.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத்தொடங்கியபின் நான் பலமுறை அதில் பயணித்துவிட்டேன். ஆனையிறவில் மீண்டும் உப்பு விளைகிறது. யன்னலோரத்தில் அதே காற்று. எதிரே அமரும் இளைஞர்கள் கைபேசியில் படம் பார்த்துக்கொண்டு வருவார்கள். பரந்தன் தாண்டி நீர்ப்பரப்பு தெரியும்போதும் நிமிர்வதில்லை. அவர்களைக் குறைசொல்லமாட்டேன். அவர்கள் வயதில் நாமும் மண்ணெண்ணெய்ப் புகைக்குள் படம்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மருமகனுக்கு இப்பட்டியலை அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு வேலையும் கொடுத்திருக்கிறேன். அவனுடைய அம்மம்மா 1992 இல் கொம்படி – ஊரியான் வழியாக நடந்து தெற்கே போனவர்; இப்போது அவனுடன் அதே வீட்டில் இருக்கிறார். ஏழாவது படமும் முடிந்தபின், அவன் கையிலிருக்கும் கைபேசியை அவர் முன்னால் வைத்து, அந்த இரவைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்யட்டும். சென்ற கிழமை முதலாவது படத்தைப் பார்த்துவிட்டார்களாம். 'பொன்மணி' முடிந்ததும் அம்மம்மா, கேட்காமலே, இரண்டு மணித்தியாலம் பேசினாராம்.